ஸ்கீம் அண்ணாச்சி

மளிகைக் கடைக்காரர்களில் ஒரு ரகம் உண்டு. விற்பது அவர்களுக்குப் பிழைப்பு, வாங்குவதுதான் பேரின்பம். எங்கள் தெரு அண்ணாச்சி அதில் முதல் தரம்.

"12 பெட்டி எடுத்தா 1 ஃப்ரீ அண்ணாச்சி" என்று லைன் சேல்ஸ்மேன் சொன்னால் போதும், பெண்ணுக்கு வரன் அமைந்தது போல முகத்தில் ஒரு களை வரும். அந்த ஓட்ஸ் பிஸ்கட் மாதம் 1 பெட்டிதான் ஓடும்; ஆயுளோ 6 மாதம். இரண்டும் அவருக்குத் தெரியும். தெரிந்தும், ஃப்ரீ பெட்டியைத்தான் முதலில் இறக்கச் சொல்வார்.

குடோன் நிரம்பி, சரக்கு வீட்டுக்குள் குடியேறிவிட்டது. கட்டிலுக்கு அடியில் சோப்பு, பீரோ மேல் ஊதுபத்தி. போன மாதம் வந்த சம்பந்தி உட்கார்ந்தது சோபாவில் அல்ல, போர்வை விரித்த ரவை மூட்டைகளில்.

பணமோ, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. பிஸ்கட்டை மாதம் ஒன்றாக எடுத்திருந்தால் மிஞ்சும் வட்டியே ஒண்ணேகால் பெட்டி விலையைத் தாண்டும். சொன்னால், "வட்டி வேற நோட்டு, சரக்கு வேற நோட்டு தம்பி" என்பார். அந்த இரண்டு நோட்டும் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1913-லேயே இதற்குச் சூத்திரம் போட்டுவிட்டார்: ஆர்டர் போட ஆகும் செலவையும் சரக்கை வைத்துக் காக்கும் செலவையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு தடவைக்கு எவ்வளவு எடுப்பது என்று. விற்பனை 4 மடங்கானால் கொள்முதல் 2 மடங்கு போதும் என்கிறது அது. பொங்கலுக்கு விற்பனை 2 மடங்கானால் அண்ணாச்சி வெல்லத்தை 4 மடங்கு இறக்குவார். இத்தனைக்கும் ஆர்டர் போட அவருக்குச் செலவே கிடையாது. சேல்ஸ்மேன் செவ்வாய்தோறும் தானாக வருகிறான், சரக்கு வாசலில் இறங்குகிறது. ஆகும் செலவு ஒரு டீ. அதையும் பாதி நாள் அவன்தான் வாங்கித் தருகிறான். ஹாரிஸைக் கேட்டால் ஒரு வாரச் சரக்கே தாராளம் என்பார்.

ஹாரிஸின் உண்மையான சீடர்கள் கல்லாவுக்கு வெளியே நிற்கிறார்கள். 50 கிராம் புளி கேட்ட அக்காவிடம் "மொத்தமா அரைக் கிலோ வாங்கிட்டுப் போங்களேன்" என்றார் அண்ணாச்சி.

"இன்னிக்கு ரசத்துக்கு இது போதும். மிச்சத்தை நீங்களே பத்திரமா வச்சிருங்க."

அக்கா நகர்ந்ததும் சேல்ஸ்மேன் குனிந்து, "20 பெட்டி சோப்புத்தூளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி ஃப்ரீ" என்றான். அண்ணாச்சி திரும்பிக் குடோனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"வாளிக்கு மூடி உண்டா?"