'ரி' தலையில ஒரு புள்ளி

வா பேராண்டி, உட்காரு. கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இப்பத்தான் வந்தேன். ஈரக் கையோட உன் புத்தகத்தைத் தொட மாட்டேன், நீயே விரிச்சுக் காட்டு. ஓகோ, ஸ்வரம் போட்ட கீர்த்தனைப் புத்தகமா! பாட்டு வாத்தியாருக்கு அச்சடிச்சுக் குடுக்குறியா? பேஷ். பக்கத்துக்கு நாப்பது வரி அடைச்சிருக்கியே, காகிதத்தை நல்லாத்தான் மிச்சம் புடிச்சிருக்க. அந்தக் காசுல வாசிக்கிறவுகளுக்கு ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக் குடுத்திரு.

தாத்தன் சோழவந்தான்ல வெத்தலை கிள்ளுறவன்தானேன்னு நெனைக்காத. அதுக்கு முந்தி நான் மதுரையில கம்பாசிட்டர். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் கருத்தவன். எழுத்தை இடவலம் மாத்திப் படிச்சே பழகுன கண்ணு இது, எந்தக் கோணலும் தப்பாது.

மொத வரியைப் பாரு. 'ச' தலையில புள்ளி வச்சிருக்க. பள்ளிக்கூடத்துல அதுக்கு என்ன பேரு? இச்சன்னா, மெய்யெழுத்து. பாட்டுப் புத்தகத்துல? தார ஸ்தாயி ஷட்ஜம், உச்சாணிக் கொம்பு. சரி, ச, க, ம, ப, த வரைக்கும் உன் கம்ப்யூட்டர் புள்ளி வச்சிரும். 'ரி'க்கும் 'நி'க்கும் வை பாப்போம்? வைக்காது. பக்கத்துல ஒரு புள்ளிவட்டத்தைப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு நிக்கும். அதுக்குத் தமிழ் இலக்கணம் தெரியும், சங்கீதம் தெரியாது. உனக்கு ரெண்டும்... சரி விடு, தாத்தன் வாயால சொல்ல வேணாம்.

இப்ப இதைப் பாரு. மந்தர ஸ்தாயிக்குக் கால்ல புள்ளி, தார ஸ்தாயிக்குத் தலையில புள்ளி. நீ வரிகளை நெருக்கி ஒட்டினதுல ஒரு புள்ளி ரெண்டு வரிக்கும் நடுவுல நிக்குது. மேல்வரிக்காரன் காலா, கீழ்வரிக்காரன் தலையா? வரப்புல நட்ட தென்னை மாதிரி அண்ணனும் எனக்குங்கறான், தம்பியும் எனக்குங்கறான். நம்ம ஊருன்னா தாலுகா ஆபீஸ் வரைக்கும் நடக்கலாம். வீணையை மடியில வச்சிருக்கவன் எங்கிட்டுப் போவான்? பத்தாததுக்கு ரெண்டாங்காலம்னு ஸ்வரத்து மேல கோடு வேற இழுத்திருக்க. ஒரு எடத்துல புள்ளி கோட்டுக்கு மேல, இன்னொரு எடத்துல கோட்டுக்குக் கீழ. ஏதாவது ஒன்னை முடிவு பண்ணி, கடைசிப் பக்கம் வரைக்கும் அதையே புடிச்சுக்கிட்டுப் போ. வரிக்கு வரி வரப்பை அகலமா விடு.

நானும் யோக்கியன் இல்லடா. ஒருதரம் கால்புள்ளி போடவேண்டிய எடத்துல அரைப்புள்ளியைக் கோத்துட்டேன். கதைப் புத்தகம்னா எவனும் கண்டுக்க மாட்டான். இங்க கால்புள்ளின்னா ஒரு அட்சரம், அரைப்புள்ளின்னா ரெண்டு. ஆதி தாளம் எட்டுல அடங்காம ஒம்பதாப் போச்சு. வித்வான் அச்சாபீஸுக்கே வந்து மேசையில தாளம் போட்டுக் காட்டினாரு. அவர் தட்டுன வேகத்துல, கோத்து வச்சிருந்த எழுத்தெல்லாம் குதிச்சுது.

அதுலயும் நீ ஒரு ஆவர்த்தனத்தைப் பாதியில வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளியிருக்க பாரு! லகுவுக்கு நாலு, துருதத்துக்கு ரெண்டு ரெண்டு. லகு முடிஞ்சா ஒத்தைக் கோடு, ஆவர்த்தனம் முடிஞ்சா இரட்டைக் கோடு. இரட்டைக் கோடெல்லாம் வலது ஓரத்துல ஒன்னுக்குக் கீழ ஒன்னா நின்னாத்தான் சமம் எங்க வருதுன்னு கண்ணு தானாப் போயி நிக்கும். சாகித்தியத்தையும் பாரு. 'மீனாக்ஷி'ல 'மீ' நாலு ஸ்வரத்துக்கு நீளணும், 'னா' அதுக்கப்பறம் எறங்கணும். நீ மூணு எழுத்தையும் இடது மூலையில, மாட்டுத்தாவணி பஸ்ஸுல முன்படிக்கட்டுல தொங்குற கூட்டம் மாதிரி திணிச்சு வச்சிருக்க. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகத்தினியா? எழுத்துருவை மாத்தின அன்னைக்கு எல்லாம் சரிஞ்சிரும். கட்டம் போட்டு, ஒரு அட்சரத்துக்கு ஒரு கட்டமா எறக்கு.

சிரமம்னு சலிச்சுக்காத. அருப்புக்கோட்டையைத் தாண்டித் தெக்க போனா எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் தம்பி வீட்டுப் பேரன் சுப்பராம தீட்சிதர், அங்க இருந்துக்கிட்டுத்தான் 1904ல சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டாரு. தெலுங்கு எழுத்துல. பெரிய தீட்சிதர் கீர்த்தனை மட்டுமே 229. நீ கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு ஒரு புள்ளிக்குத் தடுமாறுற, அவரு ஈய எழுத்துக் காலத்துல, ஸ்வரத்தை ஆட்டி அசைக்கிற ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வச்சாரு. கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏத்த ஜாருவுக்கும் எறக்க ஜாருவுக்கும் சாய்கோடு, ஸ்புரிதத்துக்கு முக்கோணமா மூணு புள்ளி. அதைக் கோத்த கம்பாசிட்டர் எந்த மகராசனோ, அவன் இருக்குற தெசைக்கு ஒரு கும்பிடு.

அந்தப் புத்தகத்துக்கு அவரை விடாம நச்சரிச்சவரு சின்னசாமி முதலியார்னு ஒரு மெட்ராஸ்காரரு. 1890கள்ல நம்ம பாட்டையெல்லாம் வெள்ளைக்காரன் அஞ்சு கோட்டுல எழுதி அச்சுப் போட்டவரு. அந்த வேலையிலயே கைக்காசும் போச்சு, கண்பார்வையும் போச்சு. கண்ணைக் குடுத்து அவரு அச்சுப் போட்டாரு. நீ அச்சுப் போட்டு வாசிக்கிறவன் கண்ணைக் கேக்குற.

பின்னால வந்த புத்தகங்கள் பலதும் அந்தக் கமக நெளிவு சுளிவையெல்லாம் கழட்டிட்டு வெறும் ச ரி க ம-வை மட்டும் வச்சுக்கிச்சு. தோடி காந்தாரத்தை ஆட்டாம வாசிச்சா அது தோடியாடா? எலும்பை எண்ணிக் குடுத்துட்டு ஆட்டுக்கறின்னு சொல்ற கதை. அதுக்காக எல்லாத்தையும் அள்ளி அப்பிராத. ரி1, ரி2ன்னு ஒவ்வொரு எழுத்துக்கும் நம்பர் எதுக்கு? தலைப்புல ஆரோகணம் அவரோகணத்தை ஒருதரம் சொல்லிட்டு, அந்நிய ஸ்வரம் வர்ற எடத்துல மட்டும் தொட்டுக் காட்டு. மத்ததை வாத்தியார் சொல்லிக் குடுக்கட்டும், அவருக்கும் வயிறு இருக்குல்ல.

ஜெர்மனியில லைப்சிக்னு ஒரு ஊரு. அங்க அந்தக் காலத்துல ஈயமும் தகரமும் கலந்த தகட்டுல ஸ்வரத்தை இடவலம் மாத்திச் செதுக்குவானுக. அவனும் நம்ம சாதிதான். நீள ஸ்வரத்துக்கு எடம் கொஞ்சம் கூட விடுவான், அதுக்காக ரெட்டை நேரத்துக்கு ரெட்டை எடம்னு அளந்து விட மாட்டான். பக்கம் திருப்புற எடத்தை, வாசிக்கிறவன் கை ஓய்வா இருக்குற எடமாப் பாத்து வைப்பான். நீ சிட்டை ஸ்வரத்து நடுவுல பக்கத்தை முடிச்சிருக்க. பிடில்காரனுக்கு ஒரு கையில வில்லு, ஒரு கை தந்தியில. நாயனக்காரனுக்கு ரெண்டு கையும் துளையில, வாயும் சீவாளியில. மூக்காலயா திருப்புவான்? பல்லவி முடியட்டும், அப்பறம் பக்கம் முடியட்டும். மேடையில இப்ப ஐபேடை வச்சுக்கிட்டுப் பாடுறாகளாமே, அவுகளும் விரலால தள்ளணுமே.

சரி, கெளம்பு. வீட்டுல இதைத் தரையில வச்சுட்டு, சம்மணம் போட்டு, ரெண்டு முழம் தள்ளி உக்காந்து படிச்சுப் பாரு. அட, இங்கயே பாத்துருவோம். அப்பத்தா, அந்த லைட்டைப் போடு! மூணாவது வரி, அஞ்சாவது எழுத்து, 'ரி'. தலையில புள்ளி இருக்கா, இல்லையா? இருக்கா? தார ஸ்தாயியா? நல்லாப் பாத்துச் சொல்லு...

அந்தா பறக்குது பாரு, உன் தார ஸ்தாயி. ஈ.