அரும்பு, மொட்டு, மலர், செயலி

ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வாரம் முழுக்கப் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும்தான். 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் தந்த வரம் இது. குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று குழுக்கள். வகுப்பைப் பார்க்காமல் குழந்தைக்குத் தெரிந்ததைப் பார்த்துத் தொடங்குவது நியாயமான ஏற்பாடு. வேடிக்கை அடுத்த கட்டத்தில். அரும்பு மொட்டானதா என்பதை ஆசிரியர் திட்டத்தின் செயலிக்குச் சொல்லியாக வேண்டும். திங்களன்று ஆடிய ஆட்டம் பதிவேறாவிட்டால் அது ஆட்டமே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தோட்டக்காரர், கையில் அளவுகோலோடு நெட்வொர்க் தேடி மாடிப்படி ஏறுகிறார்.

அளக்காவிட்டால் படிக்கத் தெரியாத பிள்ளை எப்படித் தெரியவரும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அந்தக் கற்றல் இழப்பை அளக்காமல் ஈடுகட்ட முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘அணில்’ என்று எழுத்துக் கூட்டவைக்கும் ஆசிரியருக்கு அந்த விடை செயலிக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரிந்ததை மேலிடத்துக்குத் தெரிவிக்க வகுப்பு நேரத்தைச் செலவிடுவதுதான் வீண். 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதே திட்டத்தின் இலக்காக இருந்தது. படிக்கவேண்டியது குழந்தை, செயலி ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறது.