குமுளி தாண்டுமா கைத்துப்பாக்கி?

கேள்வி: மதுரைக் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கி இருக்கிறது. சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கேரளாவுக்குப் போகலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: மறைப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் கடமையே. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள். மீசையை முறுக்கலாம், துப்பாக்கியைக் காட்டக் கூடாது. சிக்கல் கேரள எல்லையான குமுளியில்தான். எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று லைசென்ஸிலேயே எழுதியிருப்பார்கள். அங்கே தமிழ்நாடு மட்டும் இருந்தால், செக்போஸ்ட் தாண்டியதும் அந்த லைசென்ஸ் செல்லாது.

'1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே? டிரைவிங் லைசென்ஸ் காஷ்மீர் வரை செல்கிறதே?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அங்கே சோதித்தது ஓட்டும் திறமையை. அது போகுமிடமெல்லாம் கூடவே வரும். இங்கே எடைபோட்டது உங்களுக்கு இருக்கும் ஆபத்தை. உசிலம்பட்டித் தோப்புத் தகராறு தேக்கடிப் படகுச் சவாரிக்கும் துரத்தி வருமா? வரும் என்றால் காரணத்தை எழுதி, லைசென்ஸ் தந்த அதிகாரியிடமே எல்லையை விரித்துத் தரக் கேளுங்கள். (அமெரிக்காவிலும் ஒரு மாநில அனுமதியை அடுத்த மாநிலம் ஏற்கலாம், கைவிரிக்கவும் செய்யலாம்.) சொந்தக்காரர் கல்யாணத்துக்குத்தான் பயணம் என்றால் மொய்க்கவர் போதும். பிறர் உயிருக்கு ஆபத்தாகக் கொண்டாட்டத்தில் சுட்டால், 2019 திருத்தப்படி இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், சமயத்தில் இரண்டும்.