காருக்குள்ள ஒரு புஸ்தகம் இருக்குதாமா கண்ணு

வா கண்ணு, உக்காரு. காருக்கு ஆயில் மாத்தோணும், எங்க மாத்தறது, எந்த ஆயில் ஊத்தறதுன்னு ஊரெல்லாம் கேட்டுட்டு வாறியாமா. நல்ல காரியம். டீக்கடையில கேட்டாச்சு, டிப்பர் ஓட்டறவங்கிட்டக் கேட்டாச்சு, முடி வெட்டறவரையும் உடலை. காரைச் செஞ்சவன் என்ன சொல்றான்னு மட்டும் கேக்கலையாட்ட இருக்குது. அவன் அதைப் புஸ்தகமா அடிச்சு டேஷ்போர்டுப் பொட்டிக்குள்ளயே வச்சுக் குடுத்திருக்கறான். உன்ற வண்டியில அது ஆயுத பூசைக்கு வச்ச சந்தனப் பொட்டோட, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமக் கெடக்குது. படிச்சாத் தீட்டாயிரும்னு உட்டுட்டியோ என்னமோ.

டிப்பர்க்காரன் '15டபிள்யூ-40 ஊத்து, கெட்டியா இருந்தாத்தான் இஞ்சின் நிக்கும்'னானா? அவன் வண்டிக்கு அது சரி. உன்ற புதுப் பெட்ரோல் காருக்கு 0டபிள்யூ-20ன்னு புஸ்தகத்துல போட்டிருந்தா அதுதான் சட்டம். முன்னாடி நம்பரு, இஞ்சின் குளுந்து கெடக்கறப்ப எண்ணெய் எப்படி ஓடும்னு சொல்லுது. 'பல்லடத்துல ஏது அப்புச்சி குளிரு'ங்காதே. ஓடறப்ப 100 டிகிரிப் பக்கம் காயற எண்ணெய்க்கு நம்மூரு வெடியக்காலமும் குளிருதான். ராத்திரி பூராவும் அது அடியில எறங்கிக் கெடக்கும். சாவி போட்டதும் மேல ஏறோணும். கெட்டி எண்ணெய் மொள்ளத்தான் ஏறும், தேய்மானமும் அப்பத்தான் எச்சு. பின்னாடி நம்பரு, 100 டிகிரியில எத்தனை கெட்டின்னு சொல்லுது. அதுக்காக உன்ற மாமன் வச்சிருக்கற பழைய டீசல் ஜீப்புக்கும் இதையே ஊத்திப்போடாதே. அதுக்கு அதும்பட நம்பரு.

கேனோட முன்னாடிப் படத்துல ரேஸ் கார் பறக்கும். உனக்கு அதப் பார்த்தாப் போதும், காசை எடுத்து நீட்டிருவே. திருப்பிப் பின்னாடி பாரு. பொடி எழுத்துல ஏபிஐ எஸ்என், எஸ்பின்னு இருக்கும். எஸ்ல ஆரம்பிச்சாப் பெட்ரோலுக்கு, 'சி'யில ஆரம்பிச்சா டீசலுக்கு. எஸ்பி 2020-ல வந்தது. பிஎஸ்6 டீசல் வண்டின்னா இன்னும் சூதானமா இருக்கோணும். பொகைக் குழாயில கரி வடிகட்டி ஒண்ணு வச்சிருக்கறான். சாம்பல் கம்மியா உடற எண்ணெய்தான் அதுக்கு ஆகும். நூறு இருநூறு மிச்சம்னு வேற ஊத்தினா, வடிகட்டி அடைச்சு அப்பறம் பல ஆயிரத்துக்கு மொய் எழுதுவே. நம்பரும் எழுத்தும் பொருந்துச்சுன்னா சர்வோவோ, மேக்கோ, காஸ்ட்ராலோ, எதா இருந்தா என்ன? வைக்கோலைக் கருக்கி வெளக்கெண்ணெயில கொழச்சு வண்டி அச்சுக்கு மை போட்ட ஆளு நானு. எனக்கே இது புரியுது. இஞ்சினியரிங் முடிச்ச உனக்குப் புரியாமயா போயிரும்?

எங்க மாத்தறதுங்கறயா? வாரண்டி ஓடற வரைக்கும் கம்பெனி சர்வீசுக்கே போ. ஏசி ரூம்புல உக்கார வச்சு காப்பி குடுப்பாங்க. அந்தக் காப்பிக்கு வெலை எஸ்டிமேட்டுல இருக்கும், அதுதான் வெவரம். இஞ்சின் ஃப்ளஷ், ஆயில்ல கலக்கற டப்பா மருந்து, ஏசிக்கு வாசனை மருந்துன்னு வரிசையா எழுதியிருப்பாங்க. 'புஸ்தகத்துல இது எந்தப் பக்கம்ங்க?'ன்னு மருவாதையாக் கேளு. அவிங்களே அதையெல்லாம் கோடு போட்டு அடிச்சுருவாங்க.

வாரண்டி முடிஞ்சா நம்ம பட்டறைக்காரனே போதும். ஆனா பீப்பாயில இருந்து மோந்து ஊத்தறானான்னு பாரு. சீல் கேனை உன்ற கண்ணு முன்னால ஒடைக்கச் சொல்லு. காலிக் கேனை வாங்கிக் கத்தியில ஒரு வெட்டு வெட்டு. முழுசாப் போற கேன் போலி எண்ணெயோட திரும்பி வந்து வேறொருத்தன் தலையில விடியும்.

அவன் வேலை செய்யறப்ப நீ செல்போன்ல ரீல்ஸ் பார்த்துட்டு நிப்பே. தாராளமாப் பாரு, பழைய ஃபில்டர் அப்படியே இருக்கும், புதுசுக்குப் பில்லு வந்துரும். இல்லாட்டி கிட்டப் போயி நில்லு. இஞ்சினைச் சித்த ஓட்டி, வெதுவெதுப்பா வடிக்கோணும். அடியில இருக்கற திருகாணியோட வாசரு புதுசு போடோணும். ஃபில்டரோட ரப்பர் வளையத்துல வெரல்ல தொட்டுக் கொஞ்சூண்டு எண்ணெய் தடவித்தான் திருகோணும். ஊத்தி முடிச்சு, ஓட்டி நிறுத்தி, சமதரையில எண்ணெய் அளவு பார்க்கற குச்சியை உருவித் தொடச்சு மறுக்காப் பாரு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கோணும். 'எச்சா இருந்தா நல்லதுதானே'ன்னு ஊத்தினா கிராங்க் அதை அடிச்சு நொரையாக்கிரும், நொரை எதையும் காக்காது.

டீசல் வண்டியில மாத்தின கொஞ்ச நாள்லயே எண்ணெய் கருத்துப் போச்சுன்னு ஒருத்தன் குச்சியைக் காட்டிப் பயமுறுத்துவான். கரியைப் புடிச்சு வச்சிருக்குது, அதும்பட வேலையே அதுதான். மாத்தற கெடு எப்பன்னும் புஸ்தகத்துலயே இருக்குது. 10,000 கிலோமீட்டர் இல்லாட்டி ஒரு வருசம்னு போட்டிருந்தா, எது முந்துதோ அது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கற உனக்கு வருசம்தான் முந்தும்.

வடிச்ச பழைய எண்ணெயை வாய்க்கால்ல, கெணத்தடியில ஊத்திராதே. கழிவு எண்ணெய்க்குன்னு பதிவு செஞ்சவங்களுக்குக் குடுக்கற பட்டறையாப் பார்த்து உட்டுட்டு வா.

புஸ்தகத்து நம்பரும் கேன் நம்பரும் ஒண்ணா இருக்கோணும், சீல் உன்ற முன்னால ஒடையோணும், பில்லு கையில இருக்கோணும். இந்த மூணும் சரின்னா எந்தக் கடையும் நல்ல கடைதான். இதுல ஒண்ணு தப்பினாலும், கண்ணாடி மாளிகையில மாத்தினாலும் நீ ஏமாந்தவன்தான். போ கண்ணு, போயி மொதல்ல அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிரி.