தைராய்டு மாத்திரையும் தணியாத வீக்கமும்

கே: மூணு வருஷமா தைராய்டு மாத்திரை போடுறேன். டி.எஸ்.எச். சரியா இருக்குன்னு டாக்டர் சொல்றார். உடம்பு வலியும் வீக்கமும் மட்டும் போன பாடில்லை. மாத்திரை வேலை செய்யலையா? (வாசகி, பென்னாகரம்)

ப: நன்றாகவே வேலை செய்கிறது அம்மா, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். சரியாக இருப்பதே சாட்சி. நீங்கள் எதிர்பார்க்கும் வேலைதான் அதன் வேலை இல்லை. அயோடின் உப்பு புழங்கும் ஊர்களில் பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவதற்கு முதல் காரணம், சுரப்பிக்குள் நடக்கும் அழற்சி. 1912-ல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்திருந்தன. நம் எதிர்ப்புச் சக்தியே நம் சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956-ல்தான் விளங்கியது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தத்தில் அந்தத் தாக்குதலைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது.

சுரப்பி தராத தைராக்சினை மாத்திரை தருகிறது, அவ்வளவுதான். ஓட்டைக் குடத்தில் விடாமல் தண்ணீர் ஊற்றினால் குடம் நிறைந்தே இருக்கும், ஓட்டை அடைபடாது. அதற்காக ஊற்றுவதை நிறுத்திவிடாதீர்கள்.

வீக்கத்துக்கு ஒரு சோதனை: முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். தைராய்டு குறைவால் வரும் ஊதலில் பெரும்பாலும் பள்ளம் நிற்காது; மாத்திரை எடுக்க எடுக்க அது வடியும். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் இதயம், சிறுநீரகம், இரத்தசோகை என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கே: முட்டி வலி, முதுகு விறைப்பு. தைராய்டா, தண்ணியா? (வாசகர், நல்லம்பள்ளி)

ப: தர்மபுரிக்காரர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள் ஐயா. தைராய்டு குறைந்தாலும் தசை, மூட்டு வலிக்கும். நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அது எலும்பில் சேர்ந்து மூட்டையும் முதுகெலும்பையும் விறைக்க வைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரையறை. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று குழாயில் காவிரி வந்தாலும், முப்பது வருஷம் போர்த்தண்ணி குடித்த எலும்பு அதை மறக்காது. தைராய்டு மாத்திரையால் அந்த விறைப்பு இளகாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ரிப்போர்ட்டோடு, சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் பற்களில் பழுப்புக் கோடு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கே: காய்ச்சலில் படுத்திருந்தபோது டெஸ்ட் எடுத்தேன். எல்லாம் தாறுமாறு. டோஸை மாற்றலாமா? (வாசகி, காரிமங்கலம்)

ப: நீங்களாக மாற்றாதீர்கள். கடும் காய்ச்சலில், உடம்பு முழுக்க அழற்சி பரவும் நேரத்தில், டி-3 என்ற தைராய்டு ஹார்மோன் இறங்கும். தேறி வரும்போது டி.எஸ்.எச். கொஞ்ச நாள் ஏறியும் நிற்கும். அது சுரப்பியின் கோளாறு ஆகாது, நோயின் நிழல். நன்றாகத் தேறி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். படுத்திருக்கும் நாளிலும் மாத்திரையை விடாதீர்கள்.

கே: மூட்டுவலிக்கு ஒரு சூரணம் வாங்கினேன். மூணே நாளில் வலி பறந்துவிட்டது! தைராய்டும் குறைந்திருக்கிறதாமே? (வாசகர், பாலக்கோடு)

ப: மூன்றே நாளில் பறந்தது என்கிறீர்களே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது தம்பி. பெயர் தெரியாத இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு வலியையும் அமுக்கும், டி.எஸ்.எச்.-ஐயும் அமுக்கும். நோய் குறையாமலே ரிப்போர்ட் மட்டும் குறைந்திருக்கும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். சூரணத்துக்குப் பதில் செலினியம் போடலாமா என்றால், அந்த மாத்திரை சில ஆய்வுகளில் எதிர்ப்பொருளைக் குறைத்தது. ஆனால் தைராக்சின் தேவையைக் குறைத்ததாக நிரூபணம் இல்லை.

கே: காலையில் களியும் காபியும் விட முடியாது. என்ன செய்ய? (வாசகி, அரூர்)

ப: விடவே வேண்டாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி கழித்துக் காபி, களி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி. இத்தனையும் செய்தும் டோஸ் ஏறிக்கொண்டே போனால் வயிற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரைப்பை அழற்சி மாத்திரையைச் சரியாக உறிஞ்ச விடாது.

கே: இது ஆயுசுக்கும் போட வேண்டிய மாத்திரையா? (அதே வாசகி)

ப: ஹஷிமோட்டோ கண்ட வகை அழற்சியில் பெரும்பாலும் ஆமாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்து தொட்டாலே வலித்து, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு இரத்தத்தில் எகிறும் தைராய்டு அழற்சி ஒன்று உண்டு. அது பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். ஆயுசு என்றதும் மலைக்காதீர்கள். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் டாக்டர் ஜார்ஜ் மர்ரே 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். பிறகு வாய் வழியாகவே கொடுத்து வந்தார். அந்த அம்மா 1919 வரை, இன்னும் 28 வருஷம் வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. உங்களுக்கு தினம் ஒரு மாத்திரை போதும்.