ராஜா இல்லாத சாம்பார்

போன வாரம் ஒரு சபா கேண்டீனில், சாம்பாரில் ஊறிய இட்லியின் முதல் விள்ளல் வாய்க்குப் போகிற வழியில் எதிர் நாற்காலி மாமா ஒரு வரலாற்று மாணவியிடம் கேட்டார்: "ஏம்மா, எம்.ஏ. ஹிஸ்டரின்னு சொன்னியே, சாம்பார் எப்படி வந்துதுன்னு தெரியுமோ?"

மாணவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது மாமாவுக்கும் தெரியும். சாம்பார் வாளியோடு நின்ற பையனுக்கும் தெரியும். ஆனாலும் கதை ஆரம்பித்தது; இட்லி ஆறியது. அவளுடைய எரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை.

தட்டில் இருக்கிற பண்டத்துக்கு ராஜா கதை சொல்லும் இந்தப் பழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இப்படிக் கதை சொல்கிறவர்கள், மீதிப் பேர் அதைக் கேட்டு அடுத்த வீட்டில் சொல்கிறவர்கள். வரலாறு படிக்கிறவள் என்ற முறையில் அவளுக்கு இதில் அடிப்படையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் மாமாவின் சாம்பார் கதை.

தஞ்சாவூர் மராத்திய மன்னர் ஷாஹஜி சமைக்கிறார். ஆமாம், ராஜாவே அடுப்படியில். விருந்தாளி சத்ரபதி சிவாஜியின் மகன் சம்பாஜி. பருப்புக் குழம்புக்குப் போடுகிற கோக்கம் தீர்ந்துவிட, யாரோ புளியைக் கரைத்து ஊற்றச் சொல்ல, பிரமாதமாக வந்த குழம்புக்கு விருந்தாளியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மாணவி கணக்குப் போட்டாள். ஷாஹஜி பட்டத்துக்கு வந்தது 1684-இல். சம்பாஜி முகலாயரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டது 1689-இல். ஆக, விருந்து நடக்க இருப்பது ஐந்தே வருஷம். அந்த ஐந்து வருஷமும் ஔரங்கசீப் பெரும் படையோடு தக்காணத்தில்தான் கூடாரமடித்துக் கிடக்கிறார். 1686-இல் பீஜப்பூர் விழுகிறது, 1687-இல் கோல்கொண்டா. இதற்கு நடுவே சம்பாஜி ராய்கட்டிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர் வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மத்தியானம் ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பினாராம். அவர் எழுந்து பார்ப்பதற்குள் ஊரில் எத்தனை கோட்டை போயிருக்கும்?

குடும்ப விவகாரம் வேறு. ஷாஹஜியின் அப்பா வெங்கோஜி, சிவாஜிக்கு மாற்றாந்தாய் மகன். 1677-இல் தெற்கே வந்த சிவாஜி, அப்பா சொத்தில் தன் பாகத்தைக் கேட்டார். கொள்ளிடக் கரையில் பேச்சுவார்த்தை. பேச்சு சரிப்படாமல் தம்பி ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து தஞ்சாவூருக்கு ஓடிவந்துவிட்டார். நம் வீடுகளில் பாகப்பிரிவினைத் தகராறு என்றால் கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் வரும். இங்கே பெரியப்பா பிள்ளைக்குக் கரண்டி பிடித்துச் சமைத்துப்போட்டு, குழம்புக்கு அவர் பெயரும் வைக்கிறார்கள்.

அதோடு மிளகாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்த சரக்கு அது. இன்றைய சாம்பாரை மிளகாய் இல்லாமல் வைத்தால் யார் தொடுவார்கள்? அதைச் சுமந்து கரையேற்றிய மாலுமிக்குக் கதையில் ஒரு வரி கிடையாது. எந்த ஓலையில், மராத்தியர் மோடி எழுத்தில் எழுதிய எந்த ஆவணத்தில் இந்த விருந்து இருக்கிறது என்று அவள் கேட்டாள். "எல்லாரும் சொல்றாளே!" என்றார் மாமா. இந்த அடிக்குறிப்பைப் போட்டால் அவளுடைய துறையில் மதிப்பெண் கிடைக்காது.

மைசூர்பாகு கதையை மட்டும் அவள் கொஞ்சம் மன்னிக்கிறாள். மைசூர் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்தது என்று அதில் அடுப்படி ஆளுக்கே பெயர் இருக்கிறது. காப்பிக் கதையில் பாபா புதன் ஏமனிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றியவை ஏழு கொட்டை. ஆறாக இருந்தால் முளைக்காதா என்பது அவளுடைய சந்தேகம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தைப் பற்றி மாமாவிடம் சொல்லிப் பார்த்தாள். மாமா டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "அப்போ என்ன குடிச்சா?" என்றார். கேள்வி நியாயமானது என்பதால் அவளுக்குக் கோபம் அதிகமாயிற்று.

பிறகு சங்க இலக்கியத்தைப் பிரயோகித்தாள். 782 அடி நீளும் மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் ஒரு ராத்திரிக் கடைத்தெருவைக் காட்டுகிறார். தேனடை மாதிரி மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்ற கூவியர், வியாபாரம் ஓய்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே ஆடி ஆடித் தூங்கி வழிகிறார்கள். பண்டத்தை விட்டுவிட்டு விற்றவனின் தூக்கத்தைக் கவனித்த புலவர்! மாணவிக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். மாமாவும் உருகினார். "எந்த ராஜா காலம்மா?" தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று சொல்லித் தொலைத்தாள். "பாத்தியா, மோதகம் பாண்டியன் கண்டுபிடிச்சது!" என்று அவர் பக்கத்து மேஜைக்கு அறிவித்தார்.

எந்தப் பண்டத்துக்கும் ஒரு ராஜாவைத் தேடிப் பிடித்து, அடுப்படி ஆளை விட்டுவிடுகிறோம் என்ற அந்த அடிப்படை ஆட்சேபத்தை அப்போதே சொல்லியிருப்பாள். அதற்குள் உள்ளே தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டது. மிருதங்க வித்துவான் முதல் தட்டுத் தட்டியதும் அரங்கின் கதவு திறந்து, பாதிச் சபை டோக்கன் வரிசைக்கு வந்து நின்றது.

இந்தக் கூட்டத்திடம் கேட்டுப் பாருங்கள்: இந்த டிசம்பர் சங்கீத சீசன் எந்த ராஜா கொடுத்தது? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது உடன் நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. பந்தலும் தீர்மானமும்தான், சிம்மாசனம் இல்லை. வயலின் கதை இன்னும் மோசம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டார். கோட்டையில் பாண்டு வாத்தியம் கேட்ட தீட்சிதரோ, இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டுக்கே சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரமாக்கிவிட்டார். இவ்வளவு ருசியான விஷயத்தை இட்லியோடு பரிமாற ஒருவரும் இல்லை.

கோபத்தில் அவள் ஆய்வேட்டுக்கே தலைப்பு வைத்துவிட்டாள்: சபா கேண்டீன்களின் கணக்குப் புத்தகங்கள். எத்தனை படி அரிசி, யார் மாவரைத்தது, என்ன கூலி. ஒரு பழைய காண்டிராக்டரைத் தேடிப் போய், அப்பா காலத்து நோட்டுகள் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் அன்பாகவே சொன்னார்: "அதெல்லாம் அப்பவே கிழிச்சு பஜ்ஜி எண்ணெய் வடியப் போட்டாச்சேம்மா."

நெறியாளர் தலைப்பை அடித்துவிட்டார். காகிதம் விட்டுப்போனவர் யாராவது ஒருவரைப் பிடி என்றார். தேடினால், தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக மராத்திய அரண்மனை ஆவணங்கள். மன்னர் சரபோஜி காலத்துச் சமையல் நூல் சரபேந்திர பாகசாஸ்திரம்கூட அங்கேயே அச்சாகியிருக்கிறது; அதில் ஆங்கிலேயச் சமையலும் உண்டு. ஆக, இப்போது அவளுக்கும் ஒரு ராஜா கிடைத்துவிட்டார். மோடி எழுத்து கற்றுக்கொள்கிறாள். பேனாவைத் தூக்காமல் ஓட்டமாக எழுதும் எழுத்து அது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதே பிடிபடவில்லை. வீட்டில் அம்மா வேறு, "இத்தனை கஷ்டப்பட்டுப் படிச்சு, அந்தச் சம்பாஜி கதை நிஜமா பொய்யான்னு ஒரு பதில் சொல்லேன்டி, அத்தைக்கு அனுப்பணும்" என்று தினமும் நச்சரிக்கிறாள்.