லட்டு விழுங்கிய பட்டு

லட்டு எங்கள் வீட்டுக் கோழி. பெயர் வைத்தது பெங்களூரில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி. தின்கிற பொருளின் பெயரை வைத்துவிட்டு, "தாத்தா, இதை மட்டும் யாரும் தின்னக் கூடாது" என்று உத்தரவும் போட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டாள். மாரண்டஹள்ளிப் பக்கம் கோழிக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. கருப்பி, செவலை, புள்ளி என்று நிறத்தைச் சொல்வதோடு சரி. பெயர் வைத்துவிட்டால் மசாலா அரைக்கும்போது கை ஓடாது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு புதன்கிழமைக் காலை பஞ்சாரத்தைத் தூக்கினேன். மற்ற நான்கும் பிய்த்துக்கொண்டு ஓடின. லட்டு நின்ற இடத்திலேயே நின்று, கழுத்தைப் பாம்பு மாதிரி ஒருமுறை நெளித்து, வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. நெஞ்சின் வலப்பக்கம் கிரிக்கெட் பந்து போல ஒரு வீக்கம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். எண்பத்திரண்டு வயது. கண்தான் மங்கல், கை மங்கவில்லை. சாயங்காலம் கோழிகளை அடைக்கும்போது ஒவ்வொன்றின் நெஞ்சையும் தடவி, "இதுக்கு இரை ரொம்பியிருக்குது, இது அரை வயிறு" என்று கணக்குச் சொல்வாள். ராத்திரி ரொம்பியிருந்தால் தப்பில்லை. விடியும்போது அந்தப் பை காலியாகி அமுங்கியிருக்க வேண்டும். லட்டுவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நேத்து தின்னது இன்னும் எறங்கலடா" என்றாள்.

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். கேட்க ஆளில்லாவிட்டாலும் விளக்காமல் இருக்க முடியாது. கோழிக்குப் பல் கிடையாது. கண்ணில் பட்டதை அவசர அவசரமாக விழுங்கிக் கழுத்தடியில் ஒரு பையில் சேர்த்து வைக்கும். நாம் இரைப்பை என்போம், கால்நடை டாக்டர்கள் தீனிப்பை என்பார்கள். அது பாலக்கோடு தக்காளி மண்டி மாதிரி. சரக்கு வந்து இறங்கும், காத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக லாரி ஏறும். அரைக்கிற வேலையெல்லாம் கீழே, கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, அந்தக் கெட்டி உருண்டைக்கு. கோழி பொறுக்கித் தின்ற பொடிக்கற்கள்தான் அதற்கு அம்மிக்கல். மண்டிக்கும் மில்லுக்கும் நடுவே நாரோ நீளப் புல்லோ சிக்கிக்கொண்டால் பை கல்லாகும். சரக்கு தேங்கிப் புளித்தாலோ கேண்டிடா என்கிற ஈஸ்ட் பெருகி, பை தண்ணீர் நிரப்பிய பலூனாகும். இரண்டு நாள் லாரி வராத மண்டியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"எல்லாம் சரி, இதுக்கு இப்ப என்ன பண்றது?" என்றாள் அம்மா. பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

பால் சொசைட்டி வரிசையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த பத்து நிமிஷத்தில் எனக்கு ஏழு வைத்தியங்கள் கிடைத்தன. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, வேப்பெண்ணெய், சுடுதண்ணி. கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாக உலுக்கச் சொன்னார் ஒருவர். ஏழாவதைச் சொன்னவர் வைத்தியத்தைவிட நேரத்தில் குறியாக இருந்தார்: "இன்னைக்கே அடிச்சிடுங்க சார். நாளைக்கு எளச்சிடும்." கோழி மேல் இவ்வளவு அக்கறை காட்டியவர்களில் பாதிப்பேர் அதன் எடையைத்தான் முதலில் கேட்டார்கள்.

தெருக்கோடிப் பெரியம்மா மட்டும் வீட்டுக்கே வந்து, லட்டுவை மடியில் போட்டு அமுக்கிப் பார்த்தார். "ஒரு பிளேடு, ஒரு ஊசி, நூலு குடு. கிழிச்சு, உள்ள இருக்கறத வழிச்சுப் போட்டுட்டுத் தைச்சு வுடறேன். சாயங்காலமே மேயும்." அவர் அந்தக் காலத்தில் இப்படிப் பல கோழிகளைப் பிழைக்க வைத்தவராம். தையல் நூல் என்ன கலர் என்று கூடக் கேட்டார். கோழி செவலை, அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டுமாம். நான் நழுவிவிட்டேன்.

1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பது தெரியும். பசுமாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது கூப்பிடுகிற எண்ணுக்கு, கோழிக்கு ஜீரணமாகவில்லை என்று கூப்பிடக் கூச்சம். லட்டுவைக் கட்டைப் பையில் உட்கார வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, வண்டியில் மாட்டிக்கொண்டு மருந்தகத்துக்கே போனேன்.

அங்கே சினை ஊசிக்கு மூன்று மாடுகள், கழிச்சலுக்கு ஆறேழு ஆடுகள், நடுவில் பையோடு நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பைக்குள் எட்டிப் பார்த்து, "டாக்டருக்கா?" என்றார். லஞ்சம் என்று நினைத்துவிட்டார். "இல்லைங்க, டாக்டர்கிட்ட" என்று திருத்தினேன். வேற்றுமை உருபின் அருமையை முப்பத்திரண்டு வருட சர்வீஸில் இவ்வளவு அவசரமாக உணர்ந்ததில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம். முதலில் கேட்டது, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டதா என்று. ராணிக்கெட் என்று இமயமலை ஊர் ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறதே, அந்த நோய்தான். அதிலும் இரைப்பை உப்பி நீர் கோத்துக்கொள்ளும், தெருவுக்கே பரவும். போட்டிருக்கிறது என்றேன். அலகை விரித்துப் பிடித்து, "மோந்து பாருங்க" என்றார்.

"நானா சார்?"

"உங்க கோழிதானே?"

மோந்து பார்த்தேன். "என்ன வாடை வருது?" "கோழி வாடை சார்." "புளிச்ச வாடை?" "இல்லை சார்." "அப்ப அடைப்புதான்" என்று எழுத ஆரம்பித்தார். ஒரு நாள் முழுக்கத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். லிக்விட் பாரஃபின் ஐந்து மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சில், அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக. பிறகு பையை மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும், தினம் நாலு தடவை. தலைகீழாகப் பிடித்து உலுக்கவே கூடாது. உள்ளே இருப்பது மூச்சுக்குழலுக்குள் போனால் கோழி அங்கேயே முடிந்துவிடும். இரண்டு நாளில் இறங்காவிட்டால் கிழிக்க வேண்டியதுதான். ரொம்ப நாள் விட்டால் பை தளர்ந்து, தொங்கல் பையாகவே நின்றுவிடும்.

கிழிக்க வேண்டியதுதான் என்று அவர் சொன்னதும் தெருக்கோடிப் பெரியம்மா என் கண்ணில் ஒரு சுற்றுப் பெரிதானார்.

மெடிக்கலில் பையன் கேட்டான்: "யாருக்கு சார்? வயசு என்ன?"

"ரெண்டு."

"ரெண்டு வயசுக் குழந்தைக்கு இதையா எழுதிக் குடுத்தாங்க?"

"குழந்தை இல்லப்பா. முட்டை போடும்."

பில் போட்டு முடிக்கும்வரை அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் தொடங்கியது மசாஜ். இடது கையிடுக்கில் லட்டு, வலது கையின் மூன்று விரல் இரைப்பை மேல். மெல்லிய தோலுக்கு அடியில் ஈரத் துணியில் சுற்றிய மண்ணாங்கட்டி மாதிரி ஏதோ உருண்டது. முதல் இரண்டு நிமிஷம் என் சட்டைப் பட்டனைக் கொத்தியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது. கோழி கண் மூடுவதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நம்மைப் போல மேலிமை கீழே வராது, கீழிமைதான் மேலே ஏறும். ஜன்னலுக்குக் கீழிருந்து திரை போட்ட மாதிரி. அந்தத் திரை மேலே போகிறபோதெல்லாம் எனக்குள் ஒரு டாக்டர் பெருமிதப்பட்டான்.

மறுநாள் காலை பார்த்தால், பை குறையவில்லை. கூடியிருந்தது. ஒரு பருக்கை கொடுக்கவில்லையே என்று கையில் எடுத்துப் பார்த்தேன். அலகின் இரண்டு பக்கமும் காய்ந்த ராகிக் களி.

"அம்மா!"

"ஒரு நெல்லிக்கா அளவுதாண்டா. ராத்திரியெல்லாம் மொனகிக்கிட்டே கெடந்துச்சு."

"பட்டினி போடணும்னு டாக்டர் சொன்னாரும்மா."

"டாக்டருங்க வேற என்னத்தச் சொல்வாங்க? எனக்கும்தான் சொன்னாங்க."

அம்மாவுக்குச் சர்க்கரை. வெள்ளைச் சோறு கூடாது, மாம்பழம் கூடாது, வெல்லம் போட்ட காபி கூடாது என்று வீட்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான். ஆக ஒரே வீட்டில் என்னால் பட்டினி போடப்பட்ட இருவர் ராத்திரி சந்தித்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். லட்டுவின் தரப்பிலிருந்து அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்பதை நான் தோண்டவில்லை. ஆனால் ஃபிரிட்ஜில் இருந்த மாம்பழத் துண்டுகளும் குறைந்திருந்தன.

அன்று லட்டுவின் பஞ்சாரத்தை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். அப்படியும் இறங்கவில்லை. சனிக்கிழமை மறுபடி கட்டைப் பை.

டாக்டர் நெஞ்சில் நாலைந்து இறகைப் பிடுங்கி, மரத்துப்போக ஊசி போட்டார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். தோலில் ஒரு சின்னக் கீறல், பையில் ஒரு சின்னக் கீறல். இடுக்கியை விட்டு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. பொருட்காட்சியில் வித்தைக்காரன் வாயிலிருந்து கலர் கலராகக் கைக்குட்டை எடுப்பானே, அப்படி. பச்சையும் பழுப்புமாக, வழவழவென்று, பஞ்சும் நூலும் புல்லும் திரிந்த ஒரு கயிறு. டாக்டர் அதைக் குழாயடியில் அலசி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்க பக்கத்துல பட்டுப்புழு வளர்க்கறாங்களா?"

வளர்க்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி போன வாரம்தான் தர்மபுரி அங்காடிக்குக் கூடு கொண்டு போனான். விற்பதற்கு முன் கூட்டின் மேல் இருக்கும் பஞ்சை உரித்து, செத்த புழுக்களோடு எருக்குழியில் கொட்டுவார்கள். லட்டு போனது புழுவுக்காக. புழு பட்டோடு வந்திருக்கிறது. நல்ல கூடு ஒன்றில் ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் வரை நூல் இருக்கும் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவன் நான். அதை விழுங்கியும் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பைக்குத் தனித் தையல், தோலுக்குத் தனித் தையல். ஒரு வாரம் தயிரில் ஊறிய ரொட்டி, குழைந்த சோறு. சேதி தெரிந்து பார்க்க வந்த பெரியம்மா தையலை விரலால் நீவிவிட்டு, "நான் சொன்னதத்தான் பண்ணியிருக்காரு. என்ன, பேன்ட் போட்டுக்கிட்டுப் பண்ணியிருக்காரு" என்றார். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, "அண்ணா, கழிவுதான், இருந்தாலும் எங்க பட்டு" என்று உரிமை கோரினான். என் மனைவி அந்தச் சுருளைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு வந்த பட்டு இதுதான்."

எனக்கு வேறு கவலை. பட்டோடு முழுசாக ஏழு மக்காச்சோள மணிகளும் வந்திருந்தன. 1859-ல் வந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகத்தில் டார்வின் இந்தப் பையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் செரிமான நீர் சுரப்பதில்லை, ஆகவே அங்கே கிடந்த விதைகளின் முளைப்பு கெடுவதில்லை, சோதித்தே பார்த்தேன் என்கிறார். விதைகள் ஊர்விட்டு ஊர் போக இதுவும் ஒரு வழி என்பது அவர் கணக்கு. நான் மணிகளைக் கழுவி, பழைய பெயின்ட் டப்பாவில் மண் போட்டு ஊன்றினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கோழிக்கு வைத்தியம் பார்க்கப் போனவன் வெள்ளாமை பண்றான்" என்று போனில் பேத்தியிடம் சொன்னாள்.

ஆறாம் நாள் இரண்டு மணி முளைத்தது. டார்வினுக்கே தந்தி அடிக்கிற உற்சாகத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் தையல் பிரித்து லட்டுவை வெளியே விட்டோம். இறகைச் சிலிர்த்துக்கொண்டது, வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, நேராக டப்பாவுக்குப் போனது. நான் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் இரண்டு முளையும் காணோம்.

சாயங்காலம் அம்மா நெஞ்சைத் தடவிப் பார்த்து, "ரொம்பியிருக்குது" என்றாள்.